ஹீட் ஆகும் வண்டி, மிஸ் அடிக்கும் வண்டி: பார்ட் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஹீட் ஆகிறது என்று ஷெட்டில் விட்டால் பல இடங்களில் முதலில் வரும் பதில், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம் சார்" என்பதுதான் (இன்ஜின் சூடேறியபின் குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு அது). மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல் இன்ஜின் குலுங்குகிறது என்றால், நாலு பிளக்கும் அவற்றுக்குக் கரண்ட் தரும் நாலு காயிலும் பில்லில் ஏறும். சில சமயம் வண்டி சரியாகியும் விடும். எதனால் சரியானது என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இருக்காது. இன்ஜின் கோளாறுகளில் பெரும்பாலானவை, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டிவிடும். ஒரு மல்டிமீட்டர், வண்டி பதிந்து வைக்கும் பிழைக் குறியீடுகளைப் போனில் காட்டும் ஓபிடி ஸ்கேனர், ஒரு டார்ச், இவை இருந்தால் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

ஹீட்

எப்போது ஹீட் ஆகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்னலிலும் நெரிசலிலும் டெம்பரேச்சர் முள் ஏறி, வண்டி நாற்பது ஐம்பதில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் புகுந்துவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றும் தெரியாமல் பைபாஸில் 100-ல் போகும்போது முள் ஏறினால், கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தில் குறை இருக்கிறது. ரேடியேட்டருக்குள் அடைப்பு, பாதி மட்டுமே திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது கூலண்ட் அளவே போதவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான ஏற்றம் இரண்டையும் சேர்த்தே சோதித்துவிடும்: இன்ஜினுக்குப் பாரம் அதிகம், காற்றோட்டம் குறைவு. அங்கே மட்டும் ஹீட் ஆகும் வண்டியில் ஃபேன், ஓட்டம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஃபேனைச் சோதிக்க இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. ஃபியூஸ் பாக்ஸில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே நம்பர் போட்ட ரிலே இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் ரிலேயின் கதை செலவில்லாமல் தெரிந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால் ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சுழலாத மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். சுழன்றால் கோளாறு வயரிங்கிலோ, டெம்பரேச்சர் சென்சாரிலோ, இரண்டு வேகம் உள்ள ஃபேனில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டரிலோ இருக்கிறது. ரெசிஸ்டர் எரிந்த வண்டியில் ஃபேன் நிதானமாக ஓடவே ஓடாது. சூடு உச்சிக்குப் போனபின் திடீரென்று முழு வேகத்தில் இரைச்சலோடு கிளம்பும். இன்னொன்று, சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் ஓடும். விரலை உள்ளே விட வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பார்ட்டாகவே மதிப்பதில்லை. அதன் வேலை குக்கர் வெயிட் செய்யும் வேலைதான். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது அந்த அழுத்தத்தைத்தான். ரப்பர் சீல் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. கூலண்ட் முன்கூட்டியே கொதித்து ரிசர்வ் பாட்டிலுக்குள் தள்ளும், பாட்டில் நிரம்பி வெளியே வழியும். மூடியில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது பாட்டிலில் இருந்து கூலண்டைத் திரும்ப இழுக்க வழிவிடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஓஸ் சப்பையாக அமுங்கிக் கிடக்கும். அதைப் பார்த்தால் ஓஸை மாற்றாதீர்கள், மூடியை மாற்றுங்கள். அதே அழுத்தம் போட்ட மூடியாக இருக்கட்டும். "அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று 0.9-க்குப் பதில் 1.3 போட்டால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் ஓரத்தில் விரிசல் விடும்.

இப்போது தெர்மோஸ்டாட். வண்டி சூடேறியபின் மேல் ஓஸ் கை வைக்க முடியாத சூட்டிலும் கீழ் ஓஸ் குளிர்ச்சியாகவும் இருந்தால் அது திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கழற்றிச் சோதிப்பது எளிது. அடுப்பில் பாத்திரத் தண்ணீருக்குள், அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண் 82 என்றால் 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். கழற்றி எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு, இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக எண்ணிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும், மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடும் வரும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைப்பதும் அதே வால்வுதான். அதைக் கழற்றிவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும். ஹீட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே ஹீட்டைக் கூட்டிவிடும்.

வாட்டர் பம்ப் போவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் போகும். பம்ப் உடலின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கூலண்ட் கசிந்து வெள்ளை அல்லது பச்சைத் தடமாகக் காய்ந்திருக்கும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகள் உண்டு. அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகும், அவ்வளவுதான் லாபம்.

கூலண்ட் விஷயத்தில் போர் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். நம்மூர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, ரேடியேட்டர் குழாய்களுக்குள் பக்கெட் ஹீட்டரில் படிவதைப் போலவே படியும், வாட்டர் பம்ப்பின் இம்பெல்லரையும் அரிக்கும். கான்சன்ட்ரேட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. ரெடி மிக்ஸ் வாங்கினால் அப்படியே. நமக்கு உறைபனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் சென்னை வெயிலுக்கும் வேண்டியவைதான். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம். பழைய சிலிகேட் வகையும் புதிய ஆர்கானிக் ஆசிட் வகையும் கலந்தால் சில நேரம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும். மேனுவலில் உள்ள ஸ்பெசிஃபிகேஷனை டப்பாவில் தேடிப் பாருங்கள்.

நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை எடுக்காவிட்டால், புது ரேடியேட்டர் போட்ட வண்டியும் ஹீட் ஆகும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் விடுங்கள். மேல் ஓஸை அவ்வப்போது அமுக்கி விட்டால் குமிழி வெளியே வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடு ஏறி மட்டம் பொங்கி வரத் தொடங்கினால் மூடியைப் போட்டுவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் அளவை மறுபடி சரிபாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை என்றால் இரண்டு இடங்கள். முன் இருக்கையின் கால் மிதியடிக்குக் கீழ் கார்ப்பெட் ஈரமாக, பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஏசி வடிகுழாய் அடைத்தாலும் கார்ப்பெட் நனையும், ஆனால் அது வெறும் தண்ணீர். கார்ப்பெட் காய்ந்திருந்தால் சந்தேகம், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் மேல் போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கும்போதே, மேல் ஓஸ் கல்லாக இறுகுகிறதா? ரேடியேட்டரில் குமிழி ஓயாமல் வருகிறதா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பாக மணக்கிறதா? ஆயில் மூடியின் உட்புறம் வெளிறிய களிம்பு இருக்கிறதா? கடைசி அறிகுறியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு கிமீ மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் மழைக்காலத்தில் வெறும் ஈரத்தாலேயே மூடியில் களிம்பு படியும். டிப் ஸ்டிக்கிலும் அதே களிம்பு இருந்தால்தான் கவலை. உறுதிசெய்ய நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் பிளாக் டெஸ்ட் உண்டு. ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பிறகு ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்காமல் புது கேஸ்கட் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. பல இன்ஜின்களுக்கு அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும், மீறினால் லேத்தில் சமமாகச் சீவும் ஃபேஸிங். முறுக்குக் கோணம் சொல்லி இறுக்கும் ஹெட் போல்ட்டுகளை மேனுவல் மாற்றச் சொன்னால் புதிதுதான் போட வேண்டும், அவை முதல் முறையே நீண்டிருக்கும்.

நடுவழியில் முள் சிவப்புக்குப் போனால்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோவரை முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்து வழிந்தாலும் பரவாயில்லை, அது ஒரு குட்டி ரேடியேட்டர். ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அரைமணி முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள், சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் அதில்தான் விரிசல் விடும். உச்சியில் இருந்த முள் காரணமில்லாமல் சடாரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடைய வேண்டாம். கூலண்ட் முழுக்கப் போய், சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது என்று அர்த்தம். முள்ளே இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் தரும் வண்டிகளில் விளக்கு எரிவதற்குள் சூடு எங்கோ போயிருக்கும். அந்த வண்டிக்காரர்கள் ஓபிடி ஸ்கேனரை வாங்கிப் போனில் கூலண்ட் டெம்பரேச்சரைப் பார்த்துக்கொள்வது நல்லது. சாதாரணமாக 85 முதல் 100-க்குள் நிற்கும்.

மிஸ்

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஷெட்வரை ஓட்டிப் போகலாம். மினுக் மினுக்கென்று சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. இரண்டாயிரம் ரூபாய்க் காயிலைத் தள்ளிப்போட்டு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கன்வர்ட்டரை உருக்குவது இப்படித்தான்.

ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. பி0302 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து, இரண்டாம் சிலிண்டர் காயிலின் 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, அந்தக் காயிலை மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும். பி0302 அப்படியே இருந்தால் அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரெஷன். வயரிங் என்றவுடன் நம் ஊரில் முதல் சந்தேகம் எலிதான். இன்ஜெக்டர் வயர்களையும் சென்சார் வயர்களையும் டார்ச் அடித்து முழு நீளத்துக்குப் பாருங்கள்.

காயிலைத் தூக்கும்போது பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், டேப்பெட் கவர் கேஸ்கட்டையும் பிளக் குழி சீலையும் மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, புது ரப்பரையும் ஆயில் ஊறவைத்துவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு வரி இருந்தால் கரண்ட் அந்த வழியில் ஒழுகுகிறது. பிளக்கையும் காயிலின் ரப்பர் பூட்டையும் சேர்த்து மாற்றுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஈரமான கறுப்பு என்றால் ஆயில், சுண்ணாம்பு வெள்ளை என்றால் அதிகச் சூடு அல்லது பெட்ரோல் போதவில்லை. சிஎன்ஜி போட்ட வண்டி பெட்ரோலில் சரியாக ஓடி, கேஸில் மட்டும் மிஸ் அடித்தால் முதலில் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும், கேஸைப் பற்றவைக்க அதிக வோல்ட் தேவை. புது பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே போடுங்கள். ஸ்பானரே இல்லாமல் விரலால் முறுக்கி உட்காரவைத்து, பிறகு 14 மி.மீ. மரை என்றால் அரைச்சுற்று, 12 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு சுற்று. அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.

கம்ப்ரெஷன் பார்ப்பதென்றால் எல்லா பிளக்கையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டர்களைப் பிரித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் 150-க்கு மேல் 200 பிஎஸ்ஐ வரை சாதாரணம். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இடையில் கேஸ்கட் போயிருக்கிறது.

பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) வந்து ஐடிலில் வண்டி நடுங்கினால் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் பாருங்கள், இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற எண் அது. ஐடிலில் ப்ளஸ் 15, 20 என்று நின்று, 2,500 ஆர்பிஎம்மில் சாதாரணத்துக்கு வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுக்கும் பிசிவி ஓஸ், மேனிஃபோல்ட் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஓஸ். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் வரத்து குறைவு, பம்ப் அல்லது ஃபில்டர். இரண்டு எண்ணைப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டார்ட், ஆயில், புகை

சாவி போட்டால் டகடகவென்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினலில் உப்பு. இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ் விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் சோலனாய்டும் செல்ஃப் மோட்டாரும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியில் ஆர்பிஎம் முள் அசைகிறதா பாருங்கள். அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். சூட்டில் நின்றுபோய், அரைமணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பலவற்றுக்கு அதுவே காரணம்.

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரைகூட ஓட்டக் கூடாது. நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் டோயிங்தான்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலை ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். இந்த இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், எனவே எப்போது வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். டீசலில் கறுப்புப் புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்தால் இன்ஜெக்டரைக் கழற்றும் முன் ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ் விரிசல், கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) என்ற வரிசையில் பாருங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். இன்ஜின் சேதத்தில் பெரும்பங்கு தண்ணீர் வடிந்த பிறகு சாவியைத் திருப்பியதால் வருவது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும், டீசலில் ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுவதும் உண்டு.

தண்ணீர் பம்ப்பருக்கு மேல் ஏறியிருந்தால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஃபில்டரும் அதற்கப்பால் உள்ள குழாயும் உலர்ந்திருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறம் மாறாமலும் மட்டம் ஏறாமலும் இருந்தால் இன்ஜின் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபில்டர் நனைந்திருந்தால் பிளக்குகளை எல்லாம் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். தண்ணீர் பிளக் துளை வழியே வெளியேறும். தடையில்லாமல் சுற்றினால் சிலிண்டருக்குக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட். சில நிமிடம் ஓடியபின் ஆயில் வெளிறினால் இன்னொரு முறை மாற்றுங்கள்.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், நின்ற தண்ணீரில் செல்ஃப் அடித்து உடைந்த இன்ஜினுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதற்கென்று தனியாக இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருக்கிறது. மழைக்கு முன் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடியும் முன்பே, அளவு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். டோயிங் வண்டி வரும்போது பிளாட்பெட்டாகக் கேளுங்கள். கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும் என்றால், மேனுவல் வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை கியரை ஆட்டிப் பாருங்கள். கியரில் விட்டு இழுத்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும். செல்ஃப் அடிக்காமல் காப்பாற்றி வைத்த ராடு அங்கே வளைந்துவிடும்.